எல்லைக்கல்லுக்கு அந்தப் பக்கம்

பங்குனி 2, திங்கள்

காலையிலேயே வெயில் ஏறிவிட்டது. கடை ஷட்டரைத் துணி சுற்றித்தான் தூக்கினேன். நாளை மாரியம்மனுக்குக் கம்பம் நடுகிறார்கள். செய்ய வேண்டியவை:

– மாடி அறையைக் கழுவி விட
– பாய், தலையணை வெயிலில் போட
– குளியலறை பல்பு மாற்ற (போன வருடம் வ. சொல்லிக் காட்டினாள்)
– மஞ்சள், வேப்பிலை, பச்சரிசி
– வாயை மூடிக்கொண்டிருக்க

வ. என்றால் வசந்தா. என் தங்கை. என் வீட்டுக்காரரின் தம்பி செல்வராசைக் கட்டியவள். ஆகவே ஓரகத்தியும் அவளே. உறவும் இரட்டை, எரிச்சலும் இரட்டை. முழுப்பெயரை எழுத இப்போதெல்லாம் கை வருவதில்லை.

கம்பம் நட்ட நாளிலிருந்து அதைப் பிடுங்கும்வரை இந்த ஊர்க்காரர்கள் எல்லைக்கு வெளியே இராத்தங்கக் கூடாது. நடும்போது ஊரில் இல்லாதவர்களுக்குக் கட்டுப்பாடு இல்லை. அதனால் என் வீட்டுக்காரர் போன வாரமே நாகபுரிக்கு லோடு ஏற்றிக்கொண்டு லாரியோடு கிளம்பிவிட்டார். கெட்டிக்காரர். கிழக்கு எல்லை என்பது பைபாஸுக்கு இந்தப் பக்கம் மஞ்சள் பூசி நிற்கும் ஒரு கல். வ. வீடு அந்தக் கல்லுக்கு அந்தப் பக்கம். பிறந்து வாழ்ந்தது ஊருக்குள், படுப்பது எல்லைக்கு வெளியே. ஆகவே வருடா வருடம் திருவிழா வந்தால் புருஷன், பெட்டி, படுக்கையோடு என் வீட்டுக்கு வந்துவிடுவாள்.

பஸ் ஸ்டாண்டு சுவரில் பேரூராட்சி நோட்டீஸ். சனிக்கிழமை கல்யாண மண்டபத்தில் கூட்டம். ஊரின் வருங்கால வளர்ச்சி பற்றிப் பொதுமக்கள் கருத்துச் சொல்லலாமாம். டீக்கடையில் அதற்குள் சொல்லி முடித்துவிட்டார்கள்.

"புது ஸ்டாண்டு கெழக்க போயிருமாமுங்க. நம்ம செல்வராசு காட்டுக்கு ஒட்டுனாப்பலயே."

"அடிச்சது பாருங்க யோகம்."

எனக்குக் கேட்க வேண்டும் என்றே சத்தமாகப் பேசுகிறார்கள். வளையலைத் துடைத்த இடத்தையே துடைத்துக்கொண்டு இருந்தேன்.


பங்குனி 3, செவ்வாய்

அனல் காற்று. சாயங்காலம் கம்பம் நட்டார்கள். நல்ல பால்மரம், மூன்று கிளை. பறை அடித்ததும் உடம்பு சிலிர்த்தது. அது மட்டும் எந்த வருடமும் மாறுவதில்லை.

வ. வந்தாள். நடந்து வரும் தூரம்தான். காரில் வந்தாள். இறக்கியவை: சக்கரம் வைத்த பெட்டி இரண்டு, தண்ணீர் கேன், குளிர்காற்று அடிக்கும் சின்ன மெஷின், அவளுக்கென்று தனித் தலையணை.

"கழுத்து வலிக்குதுக்கா. பழைய தலகாணி ஒத்துக்கறதில்ல."

போன வருடம்வரை ஒத்துக்கொண்டது.

கையில் வளையல் பார்த்தேன். புதுசு, கல் வைத்தது. சேலத்தில் வாங்கியதாம். வளையல் கடைக்காரியின் தங்கை சேலத்தில் போய் வளையல் வாங்குகிறாள். என்னிடம் அதே மாதிரி இருக்கிறது, இன்னும் நன்றாகவே இருக்கிறது. மேலே எழுதிய பட்டியலில் கடைசி வேலையைச் செய்தேன்.


பங்குனி 4, புதன்

விடியற்காலையில் கம்பத்துக்கு மஞ்சள் தண்ணீர் ஊற்றப் போனோம், வ.வும் நானும், ஆளுக்கொரு குடம். வழியெல்லாம் பெண்கள் அவளைப் பிடித்துக்கொண்டார்கள். "வசந்தாக்கா, ஸ்டாண்டு உங்க பக்கம் வருதாமா?" "வசந்தாக்கா, அங்க ஒரு கடை கெடைக்குங்களா?" என்னிடம் ஒருத்தி கேட்டது: "சரோசாக்கா, கொடத்தக் கொஞ்சம் புடிங்க, செருப்பு மாட்டிக்கறேன்."

இதற்கெல்லாம் மூலம் பாகப் பிரிவினை. மாமனார் இறந்த பிறகு சொத்து இரண்டு. ஒன்று பஸ் ஸ்டாண்டு எதிரில் கடையோடு சேர்ந்த இந்த வீடு. இன்னொன்று கிழக்கே மானாவாரிக் காடு. சோளம்கூடச் சரியாக வராத மேடு. சீட்டுக் குலுக்கி என் மகள் கீர்த்தனாவை எடுக்கச் சொன்னார்கள். அப்போது அவள் பால்வாடிக் குழந்தை. வீடு எங்களுக்கு விழுந்தது. வ. அழுதாள். நான் அவள் முதுகைத் தடவிக்கொடுத்து, "காடும் சொத்துதான் கண்ணு" என்று ஆறுதல் சொன்னேன். அன்றைக்குக் கீர்த்தனாவுக்கு ஐஸ்கிரீம் வாங்கித் தந்தேன்.

பிறகு பைபாஸ் வந்தது. காட்டைச் சுற்றி மனை பிரித்தார்கள். வெண்ணந்தூர், ஆத்தூர் என்று எங்கெங்கிருந்தோ வந்து வீடு கட்டினார்கள். தெருவிளக்கு, பெயர்ப்பலகை, 'நகர்' என்று பெயர். அங்கே இப்போது ஒரு சென்ட் என்ன விலை என்று எழுதமாட்டேன். எழுதினால் இன்றைக்குச் சோறு இறங்காது.

கீர்த்தனா இப்போது கல்லூரிக் கடைசி வருடம். இன்று சாப்பிடும்போது அவள் வலது கையையே பார்த்துக்கொண்டிருந்தேன்.

"என்னம்மா?"

"ஒண்ணுமில்ல. உண்ணு."


பங்குனி 5, வியாழன்

வெயில் நேற்றைவிட மோசம். மாலை வரை கரண்டும் இல்லை.

கடையைப் பற்றி உள்ளதை எழுதிவிடுகிறேன். பஸ் ஸ்டாண்டில் பெண்களுக்குக் கழிப்பறை இல்லை. இருந்ததையும் பூட்டி, சாவியைத் தொலைத்துவிட்டார்கள். ராசிபுரம் பஸ்ஸில் இறங்குகிற பெண்கள் நேராக என் கடைக்கு வந்து, காதுக்குள் கேட்பார்கள்: "அக்கா, பாத்ரூம் போய்க்கலாங்களா?" உள்ளே அனுப்புவேன். திரும்பி வரும்போது சும்மா போகக் கூச்சம். ஒரு கிளிப், ஒரு ஸ்டிக்கர் பொட்டு, ஒரு ரிப்பன். இப்படித்தான் பாதி வியாபாரம். வளையலை நம்பிப் பாதி, அவசரத்தை நம்பிப் பாதி.

ஸ்டாண்டு போனால் என் கடை எதிரில் என்ன இருக்கும்? காலி இடம். நாய். ஒரு சிலை வைத்தாலும் வைப்பார்கள்.

சனிக்கிழமை கூட்டத்தில் பேசலாம் என்று நினைக்கிறேன். ஸ்டாண்டு இங்கேயே இருக்கட்டும், இதையே நன்றாக்குங்கள், முதலில் பெண்களுக்குக் கழிப்பறை கட்டுங்கள். நியாயமான பேச்சு. கழிப்பறை வந்தால் கிளிப் வியாபாரம் போகுமே என்பது கொஞ்சம் உறைத்தது. பரவாயில்லை. ஸ்டாண்டு நின்றால் போதும்.

வ. என் சமையலறையில் ரசம் வைத்தாள். எல்லாரும் இரண்டாம் முறை வாங்கி ஊற்றிக்கொண்டார்கள். என் பெருங்காயம்தானே அதில் போட்டது.


பங்குனி 6, வெள்ளி

மேகம் போல இருந்தது, ஒன்றும் பெய்யவில்லை.

கீர்த்தனா சித்தியின் காரில் ஓட்டப் பழகுகிறாள். இருவரும் பைபாஸ் வரை போய்விட்டு வந்து சிரிக்கிறார்கள். என்னிடம் வண்டி இல்லாததால் என்னோடு சிரிக்க ஒன்றும் இல்லை போல.

"புது ஸ்டாண்டு வந்தா நல்லதுதானேம்மா? சேலம் பஸ்ஸெல்லாம் பைபாஸ்லயே போயிருது. நாந்தானே தெனமும் தொங்கிக்கிட்டுப் போறேன்."

என் வயிற்றில் பிறந்தது, அங்கே கட்சி.


பங்குனி 7, சனி

கூட்டம். எழுதவே பிடிக்கவில்லை. ஆனாலும் எழுதுகிறேன்.

மண்டபம் நிறைந்துவிட்டது. சேலத்திலிருந்து ஓர் அதிகாரி அம்மா வந்திருந்தார். பொறுமைசாலி. எல்லாவற்றையும் எழுதிக்கொண்டார். ஊர் கேட்டவை, என் ஞாபகத்தில் இருந்து:

– தறிக்காரர் ஒருவர்: "கரண்டு நிக்காம வரட்டுமுங்க. மத்த வளர்ச்சிய அப்பறம் பாத்துக்கலாம்."
– கறிக்கடைக்காரர்: பைபாஸைக் கடக்கப் பாலம். "ஆட்ட ஓட்டிக்கிட்டுப் போறதுக்குள்ள எங்க உசுரு போயிருது."
– கல்லூரிப் பிள்ளைகள்: பஸ், பஸ், பஸ்.
– பையன்கள்: விளையாட்டு மைதானம், ராத்திரி விளக்கோடு.
– ஒருவர் மெட்ரோ ரயில் கேட்டார். சிரிப்பு அடங்க நேரமாயிற்று.
– ஒரு பெரியவர்: "எல்லா நெலத்தையும் ஊடாக்கிப்போட்டா சோத்துக்கு எங்கீங்க போறது?" நல்ல கேள்வி. அவர் நிலத்தை அவர் மனை போட்டு விற்றுப் பல வருடம் ஆகிறது.

பிறகு நகர்க்காரர் ஒருவர் எழுந்தார். "நாங்களும் பேரூராட்சிக்கு வரி கட்டறோம். கோயிலுக்கும் வரி குடுக்கறோம். சாமி மட்டும் கல்லு வரைக்கும் வந்துட்டுத் திரும்பிப் போயிருதுங்க. நாங்க என்ன பாவம் பண்ணோம்? சாமியும் எங்க பக்கம் வரோணும்."

அதிகாரி அம்மா பேனாவை நிறுத்தினார். "அது எங்க துறையில வராதுங்களே." ஆனாலும் எழுதிக்கொண்டார்.

அடுத்தது நான் கை தூக்கினேன். மைக் என்னைத் தாண்டி வ.விடம் போனது. அவள் எழுந்து நின்ற அழகு. சேலை மடிப்புக் கலையவில்லை.

"புது ஸ்டாண்டு வந்தா பழைய கடைக்காரங்களுக்குத்தானுங்க அங்க மொதல்ல எடம் குடுக்கோணும். எங்கக்காவே இருக்குது. எத்தன வருசமா அந்தக் கடைய வெச்சு நடத்துது. அத உட்டுப்போட்டு வளர்ச்சி என்னத்துக்குங்க?"

மண்டபமே கை தட்டியது. பக்கத்தில் இருந்தவள் என் முழங்கையை இடித்து, "தங்கச்சின்னா இப்படி இருக்கோணும்" என்றாள். முகமெல்லாம் எரிந்தது. எனக்காக அவள் கேட்கிறாள். அவள் காட்டுக்குப் பக்கத்தில் எனக்கு ஓர் இடம், ஊர் முன்னால், இரங்கி. கழிப்பறை, ஸ்டாண்டு, சொல்ல வைத்திருந்த நியாயம் எல்லாம் மறந்துபோனது. மைக்கைப் பிடுங்கினேன். பிடுங்கினேன் என்பதுதான் சரியான வார்த்தை.

"கல்லுக்கு அந்தப் பக்கம் ஊரே கெடையாது. காடு. ஊருன்னா நம்ம அம்மா சுத்தி வர்ற எடம். ஸ்டாண்டும் வேணும், சாமியும் வேணும்னா, உங்க காட்டுலயே ஒரு கோயிலக் கட்டி, உங்க கம்பத்த நீங்களே நட்டுக்குங்க!"

கடைவீதிக்காரர்கள் விசில் அடித்தார்கள். மண்டபத்திலிருந்து வீடுவரை அந்த விசில் இனித்தது. வீட்டு வாசல் வந்ததும்தான் ஞாபகம் வந்தது, வ.வும் அதே வீட்டுக்குத்தான் வரவேண்டும் என்று. கம்பம் பிடுங்கும்வரை அவளுக்கு வேறு போக்கிடம் கிடையாது.

சாப்பாடு பரிமாறினேன். மோர் ஊற்றும்போது வ. சொன்னாள்:

"மைக்குல உன்ற கொரலு நல்லா இருந்துச்சுக்கா."


பங்குனி 8, ஞாயிறு

கடையில் நல்ல கூட்டம். வாழ்த்த வந்தவர்கள். பாத்திரக் கடைக்காரர், செருப்புக் கடைக்காரர், பேக்கரிக்காரர். "நல்லாக் குடுத்தீங்க அக்கா." "அப்படிக் கேட்டாத்தானுங்க ஊரு நிக்கும்." ரொம்ப நாளைக்குப் பிறகு எல்லாரும் என் பெயரைச் சொல்கிறார்கள்.

கீர்த்தனா பேசவில்லை. கேட்டதற்கு, "சித்தி உனக்காகத்தானேம்மா கேட்டாங்க" என்றாள்.

அதனால்தான் என்று சொல்ல வாய் வந்தது. அடக்கிக்கொண்டேன். இருபது வயசுப் பிள்ளைக்கு அது புரியாது. புரியாமலே இருக்கட்டும்.


பங்குனி 9, திங்கள்

நாகபுரியிலிருந்து அவர் போன்.

"ஏனம்மிணி, கோயில் கட்டச் சொல்லிப்போட்டயாமா?"

"உங்களுக்கு யாரு சொன்னது?"

"வீடியோவே வந்துருச்சு. இங்க நம்மூரு டிரைவருங்க எல்லாரும் பாத்துட்டோம். உன்ற கோவம் தெரியுமில்ல எனக்கு. சரி, தம்பி எடம் குடுக்கறேன்னு சொல்லிப்போட்டானாமா?"

எனக்கு ஒன்றும் தெரியாது. கடையைக் கீர்த்தனாவிடம் விட்டுவிட்டு வீட்டுக்குள் போனேன். முன்னறையில் நகர்க்காரர்கள் வட்டமாக உட்கார்ந்திருந்தார்கள். நடுவில் செல்வராசு. அவர் என் வீட்டில் தங்கியிருப்பதால் கூட்டத்தை என் வீட்டிலேயே போட்டுவிட்டார்கள். என் டம்ளரில் என் டீ. என்னைப் பார்த்ததும் எல்லாரும் எழுந்தார்கள்.

"வாங்கக்கா. நீங்கதானுங்க எங்களுக்கு வழி காட்டுனது. சாமி வராட்டி என்ன, நாமளே ஒரு கோயிலக் கட்டிக்கலாம்னு எங்க யாருக்குமே தோணலைங்க."

"ஆமாங்க அண்ணி," என்றார் செல்வராசு, முகத்தில் கள்ளம் துளி இல்லாமல். "நம்ம காட்டுல ரோட்டோரமா ஒரு மூலைய உட்டுக் குடுத்தறலாம்னு வசந்தாவும் சொல்லுது. அடுத்த வருசம் தனிக் கம்பம்."

கோபத்தில் சொன்னதை உத்தரவாக எடுத்துக்கொண்டார்கள். சமையலறைக்குள் போய்ச் சர்க்கரை டப்பாவைத் திறந்து மூடித் திறந்து மூடிக்கொண்டிருந்தேன்.

முதலில் வந்த நினைப்பு: அப்பாடா, அடுத்த வருடம் வரமாட்டாள். தனிக் கம்பம் என்றால் அவளுக்கு அது ஊர், இது வேறு ஊர்.

பிறகு ஒவ்வொன்றாக விளங்கியது. கோயில் வந்தால் அது காடு இல்லை. கோயிலும் ஸ்டாண்டும் சேர்ந்தால் அதுதான் ஊர். நாங்கள் பழைய ஊர். இடம் கொடுத்த வீடு என்று அவளுக்கு முதல் மாலை, முதல் தீர்த்தம். சாமி முதலில் நிற்பது அவள் வாசலில். இந்த ஊரில் இத்தனை வருடம் குடம் சுமந்த எனக்கு அப்படி ஒரு மாலையும் விழுந்ததில்லை. எல்லாம் என் வாயாலேயே அவளுக்கு எடுத்துக் கொடுத்திருக்கிறேன்.

வயிறு எரிகிறது. வேறு நல்ல வார்த்தை தேடினேன். கிடைக்கவில்லை.


பங்குனி 10, செவ்வாய்

பூசாரி வீட்டுக்கு வந்தார். நகர்க்காரர்கள் அவரைக் கேட்டிருக்கிறார்கள். புதுக் கோயிலுக்கு இந்தக் கோயில் பிடிமண் வேண்டும், அது இல்லாமல் அம்மன் அங்கே போகமாட்டாள்.

"குடுக்கறதுல தடையில்ல சாமி," என்றார் என்னிடம். யாரையும் அவர் 'சாமி' என்றுதான் கூப்பிடுவார். "ஆனா பிரிஞ்சு போற ஊட்டுக்கு, ஊருக்குள்ள இருக்கற பங்காளி ஊட்டுப் பொம்பள கையாலதான் மண்ணெடுத்துக் குடுக்கோணும். அதான் மொறை. அதுவும் மனசு ஒப்பிக் குடுக்கோணும். மனசுல கசப்ப வெச்சுக்கிட்டு அள்ளிப்போட்டா அங்க அம்மா தங்கமாட்டா."

இடம் கொடுப்பது செல்வராசு. அவருக்கு ஊருக்குள் இருக்கும் ஒரே பங்காளி என் வீட்டுக்காரர். அந்த வீட்டுப் பெண் நான். வேறு ஆள் இல்லை.

"வியாழக்கிழம காலைல, மஞ்ச நீராட்டு வெளையாட்டு ஆரம்பிக்கறதுக்கு மின்னாடி. யோசிச்சுச் சொல்லுங்க சாமி." டீ வேண்டாம் என்று போய்விட்டார்.

எப்படித்தான் கடைவீதிக்குத் தெரிந்ததோ. மத்தியானமே பாத்திரக் கடைக்காரர் வந்து, கல்லாப்பெட்டிமேல் சாய்ந்துகொண்டு மெதுவாகச் சொன்னார்: "ஒண்ணும் பண்ண வேண்டாமுங்க. மனசு ஒப்பலைன்னு ஒரு வார்த்த. கோயில் நின்னுபோயிரும். கோயில் இல்லாத பக்கம் ஸ்டாண்டையும் கொண்டுபோகமாட்டாங்க. எல்லாம் உங்க கையிலதான் இருக்குது."

என் கையில். சொன்னவர் போன பிறகு கையை விரித்துப் பார்த்தேன். சிரிப்பு வந்தது. நன்றாகவும் இருந்தது. இந்த ஊரில் எதுவும் என் கையில் இருந்ததாக எனக்கு ஞாபகம் இல்லை.

வ. கேட்பாள் என்று நாள் முழுவதும் காத்திருந்தேன். பதில்கூடத் தயாராக வைத்திருந்தேன். அவள் கேட்கவில்லை. மாவிளக்குக்குப் பச்சரிசி இடித்துக்கொண்டு உட்கார்ந்திருந்தாள். என் பங்கையும் சேர்த்து இடித்து வைத்தாள்.


பங்குனி 11, புதன்

பொங்கல், மாவிளக்கு. வெயிலில் கால் பொசுங்கியது. கூட்டம் போன வருடத்தைவிட அதிகம். கடையில் பச்சை வளையல் தீர்ந்துவிட்டது.

சாயங்காலம் சாமி ஊர்வலம். கூடவே போனேன். கிழக்கு வீதி முடிந்து, மண்பாதை, எல்லைக்கல். பறை நின்றது. கல்லுக்கு அந்தப் பக்கம் நகர்ப் பெண்கள் வரிசையாக நின்றிருந்தார்கள். குளித்து, தலை வாரி, கையில் தேங்காய்ப் பழத்தட்டு. ஒருத்தி இடுப்பில் குழந்தை, அதன் நெற்றியில் பெரிய பொட்டு. வருடா வருடம் நிற்பார்களாம். நான் இத்தனை நாள் பார்த்ததே இல்லை. சாமியின் முகத்தைப் பார்ப்பவர்கள் அந்தப் பக்கம் எங்கே பார்ப்பார்கள்.

சப்பரம் திரும்பியது. திரும்பும்போது அம்மன் முதுகு அவர்கள் பக்கம். ஒருத்தி அவசரமாகக் கற்பூரம் ஏற்றினாள். காற்றில் அணைந்தது. மறுபடியும் ஏற்றினாள். அதற்குள் சப்பரம் போய்விட்டது. முதுகுக்குத்தான் காட்டினாள்.

வ. என் பக்கத்தில் நின்றாள். கல்லுக்கு இந்தப் பக்கம், ஊர்க்காரியாக. ஆனால் பார்த்தது அந்தப் பக்கம்.

எனக்கு அழுகை வந்தது என்று எழுதினால் மெச்சிக்கொள்ள நன்றாக இருக்கும். வரவில்லை. சங்கடமாக இருந்தது. சேலைத் தலைப்பைச் சரி செய்துகொண்டேன்.

அந்தி மயங்கும் நேரத்தில் கம்பத்தைப் பிடுங்கிக் கிணற்றில் விட்டார்கள். திரும்பி நடக்கும்போது வ. கேட்டாள்.

"அக்கா, நாளைக்கு மண்ணெடுத்துக் குடுப்பியா?"

தயாராக வைத்திருந்த பதில் இருந்தது. அது வாய்க்கு வரவில்லை. "பாக்கலாம்" என்றேன். அவள் "சரிக்கா" என்றாள். அவ்வளவுதான்.


பங்குனி 12, வியாழன்

இன்றுதான் கொஞ்சம் காற்று.

காலையில் கடை திறக்கவில்லை. கடைவீதிக்காரர்கள் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருக்க, ஈரத்தலையோடு கோயிலுக்குப் போனேன். போகும்போதுகூட என்ன செய்யப்போகிறேன் என்று எனக்குத் தெரியாது. உண்மையாகவே தெரியாது. 'மாட்டேன்' என்று சொல்லும் பெருமை ஒரு பக்கம். முதுகுக்குக் கற்பூரம் காட்டியவள் ஒரு பக்கம். முதல் மாலை போட்டுக்கொண்டு வ. நிற்பது நடுவில்.

கம்பம் இருந்த குழி இன்னும் ஈரமாக இருந்தது. பூசாரி அதன் பக்கத்தைக் காட்டினார். குனிந்து அள்ளினேன். ஒரு கை. மஞ்சள் தண்ணீர் ஊறிய மண், கனம். வ. மடி ஏந்தி முன்னால் நின்றாள். புதுச் சேலை. கறை படும் என்று அவள் பார்க்கவில்லை.

"மனசாரத்தானே சாமி?" என்றார் பூசாரி.

எல்லாரும் என் வாயைப் பார்த்தார்கள். செல்வராசு, கீர்த்தனா, நகர்ப் பெண்கள், தூண் ஓரம் பாத்திரக் கடைக்காரர். அம்மனும்தான்.

"ஆமாங்க."

சொல்லிவிட்டேன். ஆனால் கை விரியவில்லை. விரல் அப்படியே மூடிக்கொண்டு நின்றது. பிடிவாதம் இல்லை, நிஜமாகவே விரியவில்லை. பாத்திரக் கடைக்காரர் கழுத்தை நீட்டினார்.

வ. இன்னும் கிட்டே வந்தாள். என் காதுக்கு மட்டும் பேசினாள்.

"பொய்யின்னு தெரியுமக்கா. பரவால்ல, குடு. இத்தன வருசமா நோம்பிக்கு உன்ற ஊட்டுக்கு வந்து படுத்தனே, ஒரு நாளாவது தூங்கியிருப்பன்னு நெனைக்கறயா? உனக்கு வாசல்லயே பஸ்ஸு, வாசல்லயே சாமி. எனக்கு இருட்டும் நாயும். அப்படியே வயிறு எரியும். சிரிச்சுக்கிட்டே உன்ற கையால வாங்கி உண்டுட்டுப் போவேன். நானும் மனசாரச் சிரிச்சதில்லக்கா. அதுக்காக உறவு நின்னா போச்சு? குடு."

சொல்லிவிட்டுச் சிரித்தாள். கண்ணில் தண்ணீர், முகத்தில் சிரிப்பு. எதையோ இறக்கி வைத்த ஆள் மாதிரி இருந்தாள்.

கை விரிந்தது. பாதி மண் அவள் மடியில் விழுந்தது. மீதி விரலிடுக்கில் ஒட்டிக்கொண்டது. பூசாரி, "போதும் சாமி, போதும்" என்றார். நகர்ப் பெண்கள் குலவையிட்டார்கள்.

வீட்டுக்கு வந்து அவர்கள் பெட்டியை எடுத்து வைத்தார்கள். தலையணையைப் போட்டுவிட்டுப் போய்விட்டாள். மறந்தாளோ, விட்டாளோ. கார் கிழக்கே திரும்புவதை வாசலில் நின்று பார்த்தேன்.

கடை திறந்தேன். வியாபாரம் சுமார். பாத்திரக் கடைக்காரர் முகத்தைத் திருப்பிக்கொண்டார். ஸ்டாண்டு போகும். போனால் போகட்டும் என்று இன்னும் சொல்ல முடியவில்லை. முதல் மாலையை நினைத்தால் இப்போதும் எரிகிறது. மண்ணைக் கொடுத்தால் போய்விடும் என்று நினைத்திருந்தேன்.

இத்தனை நாளும் இந்த எரிச்சலை நான் யாரிடமும் சொன்னதில்லை. புருஷனிடம் சொன்னதில்லை, பெற்ற மகளிடம் சொன்னதில்லை, அம்மன் முன்னால் வைத்துக் கேட்டும் சொல்லவில்லை. வசந்தா நடுக்கோயிலில் நின்று, சேலை விலை சொல்வது மாதிரி சொல்லிவிட்டுப் போய்விட்டாள். இதையும் அவள்தான் முதலில் சொன்னாள்.